முதல் வெட்டு

நான் வாழும் இந்தக் கனடியச் சிறு நகரத்தில் பெண்கள் கடைக்குப் போய் நல்ல புதுத் துணியாகப் பார்த்து வாங்குகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, இஸ்திரி போட்டு, பிறகு அதைத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். வெட்டியதையெல்லாம் மறுபடியும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துப் போர்வையாக்குகிறார்கள். குவில்ட் என்று அதற்குப் பெயர். முதன்முதல் இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறந்த ஊரான மாங்கேணியில் ஒட்டுப்போட்ட சட்டையோடு பள்ளிக்கூடம் போனவள் நான். ஆசிரியர் கரும்பலகைக்குக் கூப்பிட்டால் முதுகில் இருக்கும் ஒட்டு தெரியாமல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து போவேன். இங்கே என்னடாவென்றால் ஒட்டைச் சுவரில் மாட்டி நின்று ரசிக்கிறார்கள். கொழுப்புக் கூடினால் இப்படித்தான் என்று அன்று என் கணவரிடம் சொன்னேன்.

சொன்னவளே பிறகு அவர்களுடைய சங்கத்தில் போய்ச் சேர்ந்தேன். பனிக்காலம் மனிதரை எதையும் செய்ய வைக்கும். தொழிற்சாலையில் பெட்டி கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. கணவருக்கு இரவு வேலை, பிள்ளைகளுக்கு வெளியூரில் படிப்பு. நூலகத்தின் கீழ்த்தளத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடும் குவில்ட் சங்கத்தில் சூடான தேநீரும் நாலு மனிதக் குரலும் கிடைத்தன. மாதாமாதம் ஒரு தலைப்பு கொடுப்பார்கள். அந்தத் தலைப்புக்கு ஏற்றபடி ஒவ்வொருத்தியும் ஒரு சதுரம் தைத்துக் கூடையில் போட வேண்டும். கடைசியில் குலுக்கல். யாருடைய பெயர் விழுகிறதோ அவள் எல்லாச் சதுரங்களையும் அள்ளிக்கொண்டு போய் ஒரு போர்வையாக்குவாள். எங்களூரில் சீட்டுப் பிடிப்பது போலத்தான், துணியில் பிடிக்கிறார்கள். 'தண்ணீர்' என்று தலைப்பு வந்த மாதம் நான் நீலமும் சேற்றுப் பச்சையும் வைத்து எங்கள் வாவியைத் தைத்தேன். பக்கத்து மேசை டொரத்தி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எவ்வளவு அழகான மலை!" என்றாள். நானும் ஆமாம் மலைதான் என்று சொல்லிவிட்டேன். எழுபது வயது தாண்டிய விதவையிடம் வாவி என்றால் கடலுமில்லை குளமுமில்லை என்று விளக்க என் ஆங்கிலம் போதாது.

நவம்பர் மாதத் தலைப்பு 'நினைவு'. போய்ச் சேர்ந்துவிட்ட ஒருவருடைய உடுப்பிலிருந்து ஒரு சதுரம் வெட்டித் தைக்க வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்துப்போனால் அவர் உடுத்தவை வீட்டில் தங்குவதில்லை. கொடுத்துவிடுவோம், இல்லாவிட்டால் எரித்துவிடுவோம். வைத்திருந்து வெட்டித் தைத்துப் போர்த்திக்கொண்டு படுப்பதை நினைக்கவே உடம்பு கூசியது. அப்பா, அம்மா இருவருடைய உடுப்பில் ஒரு நூல்கூட என்னிடம் கிடையாது. இருந்தது அண்ணன் போட்ட சட்டை, நாங்கள் சேட்டு என்போம், அது ஒன்றுதான். ஆனால் அண்ணன் செத்தவர் கணக்கில் இல்லை.

அண்ணன் சண்டைக்காலத்தில் ஒரு காலையில் மீன்பெட்டியோடு வாழைச்சேனைச் சந்தைக்கு பஸ் ஏறிப் போனவர். வழியில் மறித்து அவரை இறக்கினார்கள் என்று பஸ்ஸில் வந்த சனம் சொன்னது. மீன்பெட்டி மட்டும் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. அவருடைய மனைவி, என் மச்சாள் யோகம், போகாத முகாம் இல்லை, நிற்காத வாசல் இல்லை. பிறகு அரசாங்கத்திலிருந்து வந்தவர்கள் மரணச் சான்றிதழ் எடுத்துத் தருகிறோம் என்றபோது அவர்களை முற்றத்தோடு திருப்பி அனுப்பினாள். செத்தவருக்குப் படைக்கும் முப்பத்தோராம் நாள் அமுது கொடுக்கவில்லை. இன்றைக்கும் பொட்டு வைக்கிறாள், தாலியும் கழுத்தில் கிடக்கிறது. சாத்திரக்காரன் ஒருவன் அண்ணன் கடல் தாண்டி உயிரோடு இருக்கிறார் என்று சொல்லியிருந்தான். அதனால் நான் கனடாவுக்குப் புறப்பட்டபோது அண்ணனுடைய நீலக் கட்டம் போட்ட சேட்டை எடுத்து என் பெட்டிக்குள் வைத்தாள்.

"அங்கால எங்கயும் இரிந்து வந்தாரெண்டா உன்னட்டத்தான் வருவார். மாத்தி உடுக்க ஒண்டும் இரிக்காது" என்றாள்.

அந்தச் சேட்டை நான் நினைவுப் பொருளாக வைத்திருக்கவில்லை. அது ஒருவர் வந்து போடுவதற்காகக் காத்திருந்த சேட்டு. மச்சாள் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் வந்தால் என் பிள்ளைகளை விசாரிப்பதற்கு முதல், "சேட்டை வெயில்ல போட்டியா கா?" என்றுதான் கேட்பாள். அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று நான் நம்புகிறேனா? அதை எழுத வெளிக்கிட்டுக் கை நின்றுவிட்டது. நம்பாதவள் என்று எழுதவும் மனம் வரவில்லை.

நினைவு என்றால் இருக்கிறவரையும் நினைக்கலாம்தானே என்று எனக்கு நானே ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். சங்கத்தில் மிச்சத் துணிப் பெட்டி ஒன்று உண்டு. அதில் இதே மாதிரி நீலக் கட்டம் கிடைத்தால் அதில் ஒரு சதுரம் தைக்கலாம் என்று, நிறம் பார்ப்பதற்காகச் சேட்டைக் கொண்டுபோனேன். மேசையில் விரித்து வைத்தேன். அன்று தேநீர் போடுவது என் முறை. குசினிக்குப் போய்த் தட்டோடு திரும்பி வந்தபோது சேட்டின் முதுகில் சதுரமாக ஓர் ஓட்டை இருந்தது. அதற்குள்ளால் மேசை தெரிந்தது. வெட்டிய துண்டை டொரத்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"முதல் வெட்டு முடிந்துவிட்டது. இனி உனக்குச் சுகமாக இருக்கும்" என்றாள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருப்பதைப் பிறகுதான் அறிந்தேன். தன்னுடைய ஆளின் துணியில் கத்தி வைக்க யாருக்கும் கை வராது. ஆகவே முதல் வெட்டைப் பக்கத்தில் இருப்பவள் வெட்டிக் கொடுப்பாள். கேட்கவும் தேவையில்லை, நன்றி சொல்லவும் தேவையில்லை. என் நாற்காலிக்கு முன்னால் டொரத்தியின் கணவருடைய கம்பளிச் சேட்டு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது, மேலே வெட்டுக்கத்தி. நான் வெட்ட வேண்டும் என்று காத்திருந்திருக்கிறாள் பாவி.

"ஐயோ, என்ன வேல செஞ்சிட்டாய்!" என்று தமிழில் கத்தினேன். பிறகு ஆங்கிலத்தில், அவர் சாகவில்லை, அவர் சாகவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். டொரத்திக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் கேட்டது நியாயமான கேள்விதான்.

"அப்படியானால் அவர் எங்கே?"

அவள் கையிலிருந்த துண்டைப் பறித்துச் சேட்டோடு சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அடித்திருப்பேன். பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்து அழுதேன். முதலில் அழுதது சேட்டுக்காக. பிறகு, இத்தனை வருடமாக யாரும் சொல்லத் துணியாததை ஒரு கத்தி சொல்லிவிட்டதே என்று அழுதேன்.

மச்சாளுக்கு மறைக்கத்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் முகம் தொலைபேசியில் வந்தது, நெற்றியில் பெரிய பொட்டோடு. வழக்கமான கேள்வியைக் கேட்டாள். பொய் சொல்ல வாய் திறந்தேன், உண்மைதான் வந்தது.

"மச்சாள், அண்ணன்ட சேட்டை வெட்டிப்போட்டாங்க."

"ஆரு?"

"இஞ்ச ஒரு மனிசி. வேணுமெண்டு இல்ல. அவங்கட வழக்கமாம்."

மச்சாளின் கை கழுத்துக்குப் போனது. தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவட புருசன் இரிக்காரா?"

"செத்துப்போயிற்றார்."

"பிரேதத்தக் கண்டவவா?"

"ஓம். ஆசுபத்திரியில பக்கத்திலயே இரிந்தவவாம்."

"அப்ப அவவுக்கு விளங்காது. அவவோட கோவிக்காத கா" என்றாள். பிறகு, "துண்டு உன்னட்டத்தானே இரிக்கி? அதே இடத்தில வெச்சித் தை" என்றாள்.

அடுத்த மாதம் சங்கத்துக்குப் போனேன். தலைப்பு பனிப்பூ என்று மாறியிருந்தது, எல்லோரும் வெள்ளைத் துணியோடு இருந்தார்கள். டொரத்தி என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவளுடைய பைக்குள் அந்தக் கம்பளிச் சேட்டு வெட்டுப்படாமல் அப்படியே கிடந்தது. வேறு யாரையும் அவள் கேட்கவில்லை. நான் அதை எடுத்து விரித்தேன், அளவுகோலை வைத்தேன், வெட்டினேன். செத்தவருடைய துணி, வெட்டலாம். கத்தி சுலபமாகப் போனது. டொரத்தி என் தோளில் சாய்ந்து அழுதபோது அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், பொறாமைதான்.

அண்ணனின் சேட்டைத் தைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. வெட்டிய துண்டை வெட்டிய ஓட்டையில் வைத்துத் தைத்தால் அது பழையபடி வராது. நாலு பக்கமும் தையலுக்குள் கொஞ்சம் கொஞ்சம் துணி போய்விடும். கையால் மெல்லிய நூலில், பிரித்துப் பிரித்துத் தைத்துப் பார்த்தேன். கட்டங்கள் பொருந்தவில்லை, முதுகு ஒடுங்கிவிட்டது. மூட்டை தூக்கிய அகன்ற முதுகு அண்ணனுக்கு. ஞாயிற்றுக்கிழமை சேட்டைத் தொலைபேசிக்கு முன்னால் விரித்துப் பிடித்தேன்.

"மச்சாள், ஒடுங்கிப்போச்சு. அண்ணனுக்கு இது கொள்ளாது" என்றேன்.

மச்சாள் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து, தையலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பார்த்தாள்.

"இத்தின வருசமா எங்க கிடந்து என்னத்தத் திண்டாரோ. மெலிஞ்சிதான் வருவார். அளவா இரிக்கும்."