சாஸ்தாவுக்கு விட்ட குதிரை

பெரியப்பாவின் வலது கையில், கட்டைவிரலுக்குக் கீழே, என் பல் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும்போது அதை நாலு பேரிடம் காட்டி, "இந்தா நிக்காளே, இவ கடிச்சதுதான். சின்ன வயசுல மூக்குக்கு மேல கோவம் வரும் இவளுக்கு" என்று சிரிப்பார். நாலு பேரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடித்திருக்கலாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

பெரியப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்துதான் ஓய்வு, அதிகாரத்திலிருந்து இல்லை. யாருக்கு எங்கே பெண் எடுப்பது, யார் வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் வைப்பது எல்லாம் அவர் சொன்னபடிதான் நடக்கும். அப்பா அவருக்குத் தம்பி, தென்காசியில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தார். அண்ணனுக்கு முன்னால் உட்கார்ந்து பேசமாட்டார். நின்றாவது பேசியிருக்கலாம், அதுவும் கிடையாது. அந்த ஊமைத்தனத்தின் மேல்தான் பத்து வயதில் எனக்கு அத்தனை எரிச்சல்.

எங்கள் குலதெய்வமான சாஸ்தா வடகரைக்கு மேற்கே, தென்னந்தோப்புகள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்கு மூன்று நாள் முன்பே குடும்பம் மொத்தமும் அங்கே போய், ஓடைக்கரையில் தார்ப்பாய் கட்டித் தங்கி, கல் கூட்டிச் சமைத்துச் சாப்பிட்டு, உத்திரத்தன்று பொங்கலிட்டுவிட்டுத் திரும்புவது வழக்கம். வேண்டுதல் பலித்தவர்கள் மண்குதிரை வாங்கி வைப்பார்கள். சாஸ்தா அதில் ஏறித்தான் வேட்டைக்குப் போவாராம். காது உடைந்ததும் கால் போனதுமாகக் கோயிலைச் சுற்றி மண்குதிரைகள் நிறைய நிற்கும்.

அந்த வருஷம் பெரியப்பாவின் மகனுக்கு எஸ்.ஐ. வேலை கிடைத்திருந்தது. அதற்காகக் குதிரை வைப்பதாகப் பெரியப்பா நேர்ந்திருந்தார். எஸ்.ஐ. வேலைக்கு மண்குதிரை போதாது என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ, உயிருள்ள குதிரையையே சாமிக்கு விடப்போவதாகச் சொல்லிவிட்டார். கோயிலுக்குக் காளை விடுவதில்லையா, அதைப் போலத்தான் இதுவும் என்றார். கோயில் பூசாரி மட்டும் மெதுவாக, "மண்ணு குதிரைன்னா தண்ணி கேக்காது அண்ணாச்சி, இது கேக்குமே" என்று இழுத்தார். பெரியப்பா பார்த்த பார்வையில் அவர் மணியைத் துடைக்கப் போய்விட்டார்.

ஐந்தருவியில் சீசன் நேரத்தில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிவரும் ஒருவரிடம் இரண்டு குதிரைகள் இருந்தன. ஒன்று கறுப்பு. இன்னொன்று ஜூலி, செம்பழுப்பு நிறம், நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. ஜூலிக்கு வயதாகிவிட்டது. ஒரு பின்னங்காலை ஊன்றாமல் நுனியில் சாய்த்தே நிற்கும். பங்குனியில் அருவியில் தண்ணீரும் இல்லை, குளிக்க ஆளும் இல்லை. பெரியப்பா கேட்டதும் குதிரைக்காரர் ஜூலியைக் கொடுத்துவிட்டார். தோப்புவரைதான் வேன் போகும், அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. அதனால் சுமைக்காகக் கறுப்பையும் குதிரைக்காரரையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு போனோம். அரிசி, தார்ப்பாய், பொங்கல் வைக்கிற பித்தளைப் பானை எல்லாம் குதிரைகள் மேல் ஏறின. சாமிக்குக் கொடுக்கப்போகிற குதிரையின் முதுகில் எங்கள் வெங்காய மூட்டை. அதில் ஒருத்தருக்கும் குற்றம் தெரியவில்லை.

அந்த மூன்று நாளும் மற்ற பிள்ளைகள் ஓடையில் மீன் பிடித்தார்கள். நான் குதிரைகளைக் கட்டியிருந்த மருத மரத்தடியை விட்டு அசையவில்லை. ஜூலியின் காதுமடலில் உண்ணி பிடுங்கினேன், வேப்பங்கொத்தால் ஈ விரட்டினேன், ஊறவைத்த கொள்ளை இரண்டு கையாலும் அள்ளி ஊட்டினேன். "ஏட்டி, பின்னால போய் நிக்காத, உதைச்சுப் போடும்" என்று குதிரைக்காரர் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். ஜூலி என்னை உதைக்கவில்லை. என் கவுன் பையில் கருப்பட்டித் துண்டு இருப்பதை இரண்டாம் நாள் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது. மூக்கைப் பைக்குள் விட்டுத் தேடும். பை நனைந்து தொடை சூடாகும். அந்தச் சூட்டை நான் மறக்கவே இல்லை.

சாமிக்கு விடுவது என்றால் மாலை போட்டு, கோயிலைச் சுற்றிக் கூட்டி வந்து, போட்டோ எடுத்துக்கொள்வது என்று நான் நினைத்திருந்தேன். அந்தக் காட்டில் சிறுத்தை உண்டு. தோப்பில் யானை பிடுங்கிப் போட்ட தென்னங்குருத்துகளை நாங்கள் வந்த அன்றே பார்த்திருந்தோம். நொண்டிக் குதிரையை அதற்குள் துரத்திவிடுவார்கள் என்று எந்தப் பிள்ளைக்குத் தோன்றும்? என்றாலும் எனக்கு ஏதோ உறுத்தியது. இரண்டாம் நாள் சாயங்காலம் அப்பாவைத் தேடிப் போனேன். அவரும் குதிரைக்காரரும் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று வெகுநேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"ஜூலி நம்ம கூட திரும்பி வந்துரும்லாப்பா?" என்று கேட்டேன். அப்பா என் தலையைத் தடவி, "போய் விளையாடு பிள்ள" என்றார்.

உத்திரத்தன்று பூசை முடிந்ததும் பெரியப்பா ஜூலியின் நெற்றியில் சந்தனம் அப்பி, கழுத்தில் மாலை போட்டு, காட்டுப் பக்கம் பார்க்க நிறுத்திக் கடிவாளத்தைக் கழற்றினார். பெண்கள் குலவை போட்டார்கள். "போ" என்றார் பெரியப்பா. ஜூலி போகவில்லை. திரும்பி நேரே என்னிடம் வந்து பைக்குள் மூக்கை விட்டது. யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கம்பை எடுத்து ஜூலியின் முதுகில் ஒன்று போட்டார். அது பத்தடி போய் நின்று திரும்பிப் பார்த்தது. இன்னொன்று போட்டார். கடைசியில் பொங்கலுக்கு வாங்கி வைத்திருந்த சரவெடியைப் பற்றவைத்து அதன் காலடியில் எறிந்தார்.

ஜூலி ஓடியது. நொண்டிக் கால் என்று யாரும் சொல்ல முடியாது, அப்படி ஓட்டம். மாலை அறுந்து வழியெல்லாம் பூவாகக் கிடந்தது. மரத்தடியில் கறுப்பு கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது. அப்போதுதான் நான் பெரியப்பாவின் கையைக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது, அப்படியும் விடவில்லை. அம்மா வந்து முதுகில் நாலு வைத்துப் பிடுங்கி எடுத்தாள். இவ்வளவும் நடக்கும்போது அப்பா என்ன செய்தார் தெரியுமா? எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

பாதிச் சுமை கறுப்பின் மேலும் பாதி எங்கள் தலையிலுமாக வேனுக்கு வந்து சேர்ந்தோம். எல்லாரும் ஏறிய பிறகு அப்பா, பித்தளைப் பானையை ஓடையிலேயே விட்டுவிட்டதாகவும், குதிரைக்காரரோடு போய் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவதாகவும் சொன்னார். "கூறு கெட்ட பய" என்றார் பெரியப்பா. எனக்கும் அதேதான் தோன்றியது. குதிரையை விட்டுவிட்டு வந்தவருக்குப் பானைமேல் இவ்வளவு அக்கறையா?

விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து அப்பா வந்தார். சட்டை தோளில் கிழிந்து, இரண்டு முழங்காலும் முள் கீறி ரத்தம் காய்ந்திருந்தது. கையில் பானை இல்லை. மறுநாள் காலை அம்மா வேனில் வந்த சாமான் சாக்கைப் பிரித்தபோது அடியில் பானை இருந்தது. அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்தாள். வேனிலேயே இருந்த பானையைக் காடு முழுக்கத் தேடிவிட்டு வந்தாரே, இப்படியும் ஒரு மனுஷனா என்று நான் பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன். அப்பாவோடு மட்டும் பேசவில்லை.

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. பெரியப்பா மகனுக்குப் பெண் பேசியிருந்த வீட்டார் வீரகேரளம்புதூரிலிருந்து குளிக்க வந்தார்கள். அவர்களோடு நாங்களும் ஐந்தருவிக்குப் போனோம். குளித்துவிட்டுத் திரும்பும்போது அப்பா, "இங்கன கூட்டமா இருக்கு, அந்த வழியா போவோம்" என்று இரண்டு தடவை சொன்னார். அவர் பேச்சை யார் கேட்டார்கள்? நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்குப் பின்னால் தார்ப்பாய் இறக்கிய மறைவில் ஒரு குதிரை நின்றது. நெற்றியில் வெள்ளை இல்லை, முழுப் பழுப்பு. ஆனால் ஒரு பின்னங்காலை நுனியில் சாய்த்து நின்றது.

நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். குதிரை என் கவுன் பைக்குள் மூக்கை விட்டது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், தலைமுடிச் சாயம் விரலில் ஒட்டியது. முதுகில் சேணம் இல்லை, முன்னால் கொள்ளுச் சாக்கு ஒன்று வாய் பிரிந்து கிடந்தது. அதில் எங்கள் கடைப் பெயர் சிவப்பு எழுத்தில் இருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோஜனம்? தென்காசி வட்டாரத்தில் பாதி மாடு எங்கள் கடைத் தீவனம்தான் தின்றது என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டிப்பிடித்து அழுதுவிட்டுச் சும்மா வந்திருக்கலாம். எனக்கு அது போதவில்லை. பெரியப்பாவை ஜெயிக்கவேண்டும். அவர் சம்பந்தி வீட்டாரோடு சிப்ஸ் வாங்கிக்கொண்டு நின்றார். நடுரோட்டில் நின்று முழுத் தொண்டையில் கத்தினேன்.

"பெரியப்பா! உங்க குதிரை சாஸ்தாவுக்கு வேண்டாமாம், திரும்பி வந்துட்டு! இங்கன வந்து பாருங்க!"

சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, குதிரைக்காரரின் சட்டையைப் பிடித்தார். "சாமி சொத்துலே அது! எம் மவன் வேலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயாலே பதில் சொல்லுவ?" குதிரைக்காரர், "தானா வந்து வாசல்ல நின்னுது அண்ணாச்சி, தொரத்த மனசு வரல" என்றார். அப்பா பக்கம் அவர் திரும்பவே இல்லை. அப்பா முன்னால் வந்து, "அண்ணன், வயசான உயிரு..." என்று ஆரம்பித்தார். "நீ சும்மா கெட" என்றார் பெரியப்பா. அப்பா சும்மா இருந்துவிட்டார். அதோடு அவரை நான் மனசுக்குள் தலைமுழுகினேன்.

மறுநாள் பெரியப்பாவே மினி லாரி வைத்து ஜூலியை ஏற்றிக்கொண்டு போனார். கூட நாலு ஆள், இரண்டு கட்டு சரவெடி. இந்தத் தடவை கோயிலோடு நிற்காமல் முதல் மலையைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டார்களாம்.

உத்திரத்துக்கு முன்பே அப்பாவும் குதிரைக்காரரும் ஓடைக்கரையில் எல்லாம் பேசி வைத்திருந்தார்கள் என்பதையும், பானையைச் சாக்குக்குள் ஒளித்தது அப்பாதான் என்பதையும், நான் காலேஜில் சேர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். கறுப்பைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போய், அது கத்துகிற சத்தத்துக்கு ஜூலி வரும்வரை முள்ளுக்குள் காத்துக் கிடந்திருக்கிறார்கள். சாயம் வாங்கிக் கொடுத்ததும் அப்பாதான். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். "ஒன் வாய்க்குப் பயந்துதாம்ட்டி" என்றாள். இத்தனை வருஷமும் பெரியப்பா மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் அவர் கையைக் கடித்த வாய்தான் ஜூலியைக் காட்டியும் கொடுத்தது. அந்தக் கோபத்தை யார் கையில் போய்க் கடிப்பது?

ஜூலியை மலை தாண்டி விட்ட அந்த வருஷத்து ஆடியில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அப்பா விடிவதற்குள் எங்கேயோ கிளம்பிப் போனார். ஒரு பையில் கொள்ளும் காகிதத்தில் சுற்றிய கருப்பட்டியும் கொண்டுபோனார். மூன்றாவது ஞாயிறு நல்ல மழை. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தொப்பலாக நனைந்து வந்து வாசலில் நின்று காலைக் கழுவினார். முழங்காலெல்லாம் முள் கீறல். பை கொண்டுபோனபடியே கனமாக இருந்தது. ஜூலி போன நாளிலிருந்து நான் அவரோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"என்னப்பா, இன்னும் பானை கிடைக்கலியா?"

அம்மாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது. அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இல்ல பிள்ள, கிடைக்கல" என்றார்.

நான் சிரித்தேன்.