செல்லம்மாவின் வயிறும் மூன்று ஆபரேஷன்களும்

என் அம்மா செல்லம்மாவோடு பத்து நிமிஷம் சண்டையில்லாமல் உட்கார்ந்தவர் காசிமேட்டில் எவரும் கிடையாது. மகள் என்பதால் எனக்கு அதில் தள்ளுபடி இல்லை. மீன் வெட்டுவது அவள் தொழில். மார்க்கெட்டில் மீன் வாங்கியவர்கள் கொண்டுவந்து கொடுத்தால் செதில் சுரண்டி, குடலெடுத்து, துண்டு போட்டுக் கொடுப்பாள். துண்டு பெரிதாகிவிட்டது என்று ஒருவர் முனகிவிட்டால் போதும், அவருடைய பாட்டன் பூட்டன் வரைக்கும் வம்புக்கு இழுப்பாள். என் அப்பா சுப்புராயன் குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தார். அவரைக்கூட வாசலில் கிடத்தி வைத்துக்கொண்டு கால் மணி நேரம் திட்டிவிட்டுத்தான் அழுதாள்.

நான் கல்யாணமாகித் திருவொற்றியூரில் இருக்கிறேன். அங்கே ஒரு கண்டெய்னர் கிடங்கின் அலுவலகத்தில் கிளார்க் வேலை. பிள்ளை பெற்று மூன்று மாதத்தில் என்னை ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அது இவள் காதுக்கு எட்டிவிட்டது. கையில் ஒட்டிய செதில்கூடக் கழுவாமல் நேரே வந்து, மேனேஜர் கருணாகரன் மேஜைக்கு முன்னால் நின்றாள். "பச்ச ஒடம்புக்காரிய ஞாயித்துக்கெயமயும் இஸ்துகினு வர்றியே, நீயெல்லாம் ஒரு மன்சனா?" என்று கேட்டாள். அலுவலகமே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. அதன்பிறகு நான் லீவு கேட்டுப் போய் நின்றாலே, "ஏம்மா, தரலைன்னா அம்மாவைக் கூட்டிட்டு வருவீங்களோ" என்பார் கருணாகரன். எனக்காகத்தான் வந்தாள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் நான் அவளை மன்னிக்கவில்லை.

2008இல் அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. கிளினிக்கில் இருந்த எடை மெஷின் நூற்றிருபதோடு நின்றுபோனது. சரியான எடை வேண்டும் என்று கேட்டார்கள். ஐஸ் கட்டி உடைக்கிற இடத்தில் மீன் பெட்டி வைக்கும் தராசு ஒன்று இருந்தது. அதில் ஏறி நின்றாள். நூற்று முப்பத்திரண்டு காட்டியது. "சொறாவுக்கு ஐஸ் போடுங்கடா" என்றான் எவனோ. கத்தி கையில் இல்லாததால் அவன் பிழைத்தான்.

தொந்தரவு எடை மட்டுமல்ல. சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்குவதில்லை. ஈரத்திலேயே கிடந்த வலது காலில் புண் வந்து, ஆறாமல், இரண்டு விரலை எடுத்தாகிவிட்டது. எடையும் சர்க்கரையும் இறங்காவிட்டால் அடுத்தது பாதம்தான் என்று சொல்லிவிட்டார்கள். பாதம் போனால் மார்க்கெட்டுக்கு நடக்கவும் முடியாது, வெட்டுக்கட்டைக்கு முன்னால் உட்கார்ந்து எழவும் முடியாது. அந்த இடத்தைப் பிடிக்கப் பத்துப் பேர் காத்திருந்தார்கள். "காலு போனா நா போனேன்" என்றாள் அம்மா. அதை மட்டும் கத்தாமல் சொன்னாள்.

கீழ்ப்பாக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் ஹபீபுல்லா சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. ஒரு தாளில் இரைப்பையை வரைந்து மூன்று வழி சொன்னார். முதலாவது, இரைப்பையின் மேல்பக்கம் ஒரு வளையம் மாட்டுவது. எதையும் வெட்ட வேண்டாம், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். ஆனால் அடிக்கடி வந்து ஊசியில் தண்ணீர் ஏற்றி வளையத்தை இறுக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டுக் குழாய் மாதிரி கொஞ்சம் மட்டும் விடுவது. மூன்றாவது பைபாஸ். மேலே சின்னதாக ஒரு பை பிரித்து, அதைக் கீழே குடலில் கொண்டுபோய் இணைப்பது. இவ்வளவு சர்க்கரைக்கு மூன்றாவதுதான் நல்லது என்றார்.

"படம் போட்டா எனுக்குப் புரியாது நைனா. நா பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றாள் அம்மா. எங்கே போய்ப் பார்ப்பாள் என்று டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு நான் மார்க்கெட்டுக்குப் போனபோது கட்டைமேல் மூன்று கொடுவா மீனின் இரைப்பைகளைக் கழுவி வைத்திருந்தாள். பக்கத்துக் கட்டைக்காரி இருதயம்மாள் ஒரு குவளைத் தண்ணீரோடு குந்தியிருந்தாள். முதல் இரைப்பையின் கழுத்தை வலை நூலால் கட்டி அம்மா தண்ணீர் ஊற்றினாள். மேலே பொம்மென்று உப்பிக்கொண்டு வெளியே வழிந்தது. "இது வாந்திக் கேஸு. தூரப் போடு" என்றாள். இரண்டாவதை நீளவாக்கில் கத்தியால் சீவினாள். சுண்டுவிரல் மாதிரி மிஞ்சியது. "இத்தினியூண்டு பையில இன்னாத்த துன்றது" என்றாள் இருதயம்மாள். மூன்றாவதை மேலே வெட்டி, குடலை இழுத்து அதோடு சேர்த்து ஊசியால் தைத்தாள். ஊற்றிய தண்ணீர் பெரிய பையைத் தொடாமல் நேரே குடலுக்குள் இறங்கியது. இரண்டு தடவை ஊற்றிப் பார்த்தாள்.

"டாக்டரு புத்திசாலிதான். சோறு குறுக்கு சந்துல பூந்து போய்டுது. இதான்மே நல்லா கீது" என்றாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அடுத்து எப்போது ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் கேட்டதும் எரிச்சல் பொங்கிவிட்டது.

"நீ போட்ட சண்டைக்கு இன்னிக்கு வரைக்கும் நான்தான் பதில் சொல்லிக்கினு கீறேன். இந்த மாசமே நாலு லீவு. உன்ன இஸ்துகினு அலையறதுக்கே நான் பொறந்தேனா?" என்றேன்.

வேறு நாளாயிருந்தால் மீன் குடலைச் செதிலோடு சேர்த்து என் முகத்தில் எறிந்திருப்பாள். அன்று கட்டையை மட்டும் கழுவினாள். இருதயம்மாள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

திரும்ப டாக்டரிடம் போனோம். சாப்பாட்டு அட்டவணை கொடுக்க வந்த பெண்ணிடம், "கட்டிக் குடுத்த சோறும் சொல்லிக் குடுத்த வார்த்தையும் எத்தினி நாளிக்கும்மா வரும்" என்று வம்பிழுத்தாள். டாக்டர் வந்தார். பைபாஸ் என்றால் ஆயுசுக்கும் தினமும் மாத்திரை, முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, அப்புறமும் விடாமல் வர வேண்டும், படிக்கத் தெரிந்தவர் ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டும் என்றார். இரண்டாவதற்கும் மாத்திரையும் பரிசோதனையும் உண்டு, ஆனால் இவ்வளவு கெடுபிடி இல்லை என்றார்.

"கூட யாரு வருவீங்க?" என்று கேட்டார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வையெல்லாம் அவளுக்கு வராது. கடன்காரனைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தாள்.

"எத்தினி நாளிக்கு சாரு வரணும்?" என்றாள், கண்ணை என் மேலேயே வைத்துக்கொண்டு.

"ஆயுசுக்கும்னு வெச்சுக்கங்கம்மா."

நான் வருகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கருணாகரனின் முகம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் என் பெண் வந்தாள். திருவொற்றியூரிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கு மாற வேண்டிய பஸ்கள் வந்தன. மூச்சு ஒன்று இழுத்து விடுகிற நேரம்தான். "நான் வரேன்" என்று சொல்லி முடித்தேன்.

"ரெண்டாவது போடு சாரு" என்றாள் அம்மா.

டாக்டர் திரும்பவும் சர்க்கரையைப் பற்றிச் சொன்னார். நான் கத்தினேன். கால் உன் கால், வீம்பு பிடிக்காதே, மீனை வைத்துப் பார்த்துவிட்டு நீயேதானே மூன்றாவதுதான் நல்லது என்றாய் என்று கத்தினேன்.

"இவ வருவா சாரு. பல்லக் கடிச்சுகினு வருவா. அப்டி ஒருத்தி கூட வந்து நா பொயைக்க வோணாம்" என்றாள்.

அவள் சொன்னது நிஜம். கையெழுத்துப் போடவும் இருதயம்மாளைத்தான் கூட்டிவந்தாள். மகள் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "இவதான் வெளியாளு" என்று என்னைக் காட்டினாள். நான் வராந்தாவில் நின்று அழுதேன். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. ஒரு வருஷத்தில் தொண்ணூற்றாறுக்கு இறங்கிவிட்டாள். மார்க்கெட்டில் அவள் இடம் அவளிடமே இருக்கிறது. கன்னம் ஒட்டிப்போனாலும் வாய் மட்டும் இளைக்கவில்லை. சர்க்கரை கொஞ்சம் இறங்கியது, முழுதாக இறங்கவில்லை. மாத்திரையை ஒருநாள் போட்டு இரண்டு நாள் மறப்பாள் என்று இருதயம்மாள் சொன்னாள். நான் ஞாயிறுதோறும் போய் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பேன், அதை என் கையிலிருந்து பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வாள்.

போன ஐப்பசியில் அலுவலகத்துக்கு இருதயம்மாளிடமிருந்து போன் வந்தது. அம்மா நான்கு நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், மூன்றாவது விரலையும் எடுத்துவிட்டார்கள் என்றாள். கருணாகரனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடினேன். பைபாஸ் செய்திருந்தால் இந்த விரல் தங்கியிருக்குமா என்று அங்கிருந்த டாக்டரைக் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா என்றுவிட்டார்.

கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அம்மா நர்ஸைத் திட்டிக்கொண்டிருந்தாள். வார்டு முழுக்கக் கேட்கும்படி நானும் கத்தினேன். நாலு நாளாயிற்றே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டேன்.

"சொன்னா வந்துடுவே. அதான் சொல்லல" என்றாள்.