மாடி அறை விருந்தாளிக்குச் சொன்ன யோசனைகள்

செவிலிமேட்டில் இருக்கும் எங்கள் வீட்டு மாடி அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு விடத் தொடங்கியதிலிருந்து எனக்கு யோசனை சொல்லும் வியாதி பிடித்துக்கொண்டது. சாவியைக் கொடுக்கும்போதே ஆரம்பித்துவிடுவேன். மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்கும், சாயங்காலம் போங்கள். கல் தரை வெயிலில் பொசுக்கும், பையில் பழைய சாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். சாலையைக் கடக்கும்போது ஓடாதீர்கள், நிதானமாக நடந்தால் பஸ்ஸே உங்களுக்காக வளைந்து போகும். கீசரை அணைக்க மறக்காதீர்கள். கடைசி யோசனை அவர்களுக்காக இல்லை, என் கரண்ட் பில்லுக்காக. இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா?

போன தை மாதம் இங்கிலாந்திலிருந்து ஓர் அம்மாள் தனியாக வந்து தங்கினார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் சொல்வதைத் தலையாட்டிக் கேட்பார், கேட்டபடியே நடப்பார். என் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளைகூட இருந்ததில்லை.

ஒரு நாள் கோயில் வாசலில் யாரோ அவர் கையில் கண்ணாடி வளையல்களை மாட்டிவிட்டு, காசு வாங்காமல் நகர மாட்டேன் என்று நின்றிருக்கிறார்கள். கேட்டதைக் கொடுத்துவிட்டு முகம் சிவந்து வந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அங்கேயே கூடத்தில் நிற்க வைத்துப் பாடம் நடத்தினேன். யாராவது எதையாவது நீட்டினால் உள்ளங்கையைக் காட்டி ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். ஒரு தடவை போதாது, இரண்டு தடவை. முக்கியமாக, சிரிக்காதீர்கள். சிரித்தால் விட மாட்டார்கள். தறி இருக்கிற வீட்டுக்குக் கூப்பிட்டாலும் இதுதான், கடைசியில் எதையாவது தலையில் கட்டுவார்கள். அவர் சொல்லிப் பார்த்தார். ‘ண்’ சரியாக வரும்வரை நான் விடவில்லை.

மறுநாள் எதிர் வீட்டில் வளைகாப்பு. அவர்கள் பட்டு நெய்கிற குடும்பம். அந்த வீட்டு அம்மா என்னை அக்கா என்பாள், அவள் பெண்ணுக்கு நான் பெரியம்மா. பெண்ணின் மாமியார் வீடு சென்னையில் சின்ன ஃபிளாட் என்பதால் விசேஷத்தை இங்கேயே வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இதற்கு முன்பு ஒன்று ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. அதனால் இந்தத் தடவை வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“மாடியில இருக்கிற அந்தம்மாவையும் இட்டுக்கினு வாக்கா, அவங்க கையாலயும் ரெண்டு வளையல் போடட்டும்” என்று அவள் அம்மா வாசலுக்கே வந்து கூப்பிட்டாள். நானும் அழைத்துப் போனேன். “எதிர் வீட்டில் விசேஷம், சாப்பாடு நன்றாக இருக்கும்” என்று மட்டும் சொன்னேன். ஊரில் இல்லாத யோசனையெல்லாம் சொன்னவள், சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை.

கூடத்தில் தறிக்கு முன்னால் ஜமக்காளம் விரித்துப் பெண்ணை மனையில் உட்கார வைத்திருந்தார்கள். கன்னத்தில் சந்தனம், முழங்கை வரைக்கும் பச்சையும் சிவப்புமாக வளையல். நான் சமையல்கட்டுப் பக்கம் போய் யாருடைய புடவையையோ தொட்டுப் பார்த்து, பார்டரைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அந்தக் குரல் கேட்டது.

“வேண்டாம். வேண்டாம்.”

திரும்பிப் பார்த்தேன். பெண்ணின் அத்தை வளையல் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். இங்கிலாந்து அம்மாள் தறியின் ஓரத்தில் உள்ளங்கையைக் காட்டியபடி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் நிற்கிறார். உச்சரிப்பு அவ்வளவு சுத்தம்.

மனையில் இருந்த பெண் தட்டைப் பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள்.

“இன்னாமா இது, நல்ல காரியத்துல வேணாம்னு சொல்றாங்க?” என்றார் அத்தை.

நான் கற்றுக்கொடுத்ததுதான், தப்பு என்னுடையது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அத்தனை பேர் நடுவில் எனக்கு வாய் வரவில்லை. “வெள்ளைக்காரங்கதானே, அவங்களுக்கு என்ன தெரியும், விடுங்க” என்றேன். யாரோ சிரித்தார்கள், யாரோ அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள், தட்டு நகர்ந்து போனது. நானும் போய் என் பங்குக்கு இரண்டு வளையல் போட்டுவிட்டு வந்தேன். அந்தக் கை சில்லென்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாள் கேட்டார், “நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?” ஒன்றுமில்லை என்றேன். அவர் என்னை நம்பினார். மறுநாள் காலை மாமல்லபுரம் போவதற்குக் கார் வந்து நின்றபோது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, உங்கள் யோசனைகள் இல்லாவிட்டால் திண்டாடியிருப்பேன் என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கி வைக்கிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டேன்.

கார் தெருமுனை திரும்புவதற்குள் எதிர் வீட்டுப் பெண் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“பெரியம்மா, அவங்க ஏன் வேணாம்னு சொன்னாங்க? சில பேருக்கு நடக்கப்போறது முன்னாடியே தெரியும்னு சொல்றாங்களே. என்னைப் பாத்ததும் அவங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?”

அவளைப் படியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் வாசல் வளையல், என் பாடம், சிரிக்காதே என்று சொன்னது, வளைகாப்பு என்றால் என்னவென்று நான் சொல்லாமல் அழைத்துப் போனது, எல்லாம். அந்த அம்மாளுக்கு அதெல்லாம் விற்க வந்த வளையல் என்றுதான் தோன்றியிருக்கும் என்றேன். அவள் கோபப்படுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா பெரியம்மா?” என்றாள். “நான் தூங்காம கிடக்கிறது அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு, வளையல் சத்தம் வராம, ராத்திரி பூரா ஒரே பக்கமா படுத்துக்கினு இருந்தேன்.”