காட்டில் தெறித்த கடுகு

பச்சைச் சாயத்தில் சிக்கி இறுகிப்போன ஏழெட்டுக் கடுகுகள். சிறிய ஜாம் போத்தலில் போட்டு என் மேசைமேல் வைத்திருக்கிறேன். கேட்பவர்களிடம் காட்டில் பொறுக்கியவை என்பேன். பொய்யில்லை.

ஜெர்மனியின் கொலோன் நகரில் முதுகலை படிக்க வந்த புதிதில், யாழ்ப்பாணத்துக் குடும்பத்து அக்கா ஒருவரோடு வீட்டைப் பகிர்ந்திருந்தேன். விடியலில் பேக்கரி வேலை, பிறகு ஓவியம். கலைக் கல்லூரி இரண்டு முறை அவரைத் திருப்பி அனுப்பியிருந்தது. மூன்றாவதுதான் கடைசி என்று முடிவெடுத்திருந்தார். அனுப்ப வேண்டிய படங்களில் பெரியது, இலையுதிர் காலம் தொடங்கும் நேரத்துக் காடு. வெளிச்சம் சமையலறையில்தான் நன்றாக விழும் என்பதால் அது அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றது. முதலில் கான்வாஸ் முழுக்கச் செம்மஞ்சள். காய்ந்ததும் அதன்மேல் ஊதா நிழல்கள். பிறகு சொரசொரப்பான தூரிகையால் அப்பி அப்பிப் பச்சை. தொட்டால் இலை விரலில் தட்டும், இடுக்குகளில் அடியிலிருந்த செம்மஞ்சள் எட்டிப் பார்க்கும். சோறு வேகும்வரைகூடப் பொறுக்காத நான் தினமும் கேட்பேன், “முடிஞ்சிருச்சாக்கா?”

“மரந்தான் நிக்குது. காடு இன்னும் வரேல்லை.”

அனுப்ப மூன்று நாள் இருக்கும்போது சாம்பாருக்குத் தாளித்தேன். அவசரம். மூடி போடவில்லை. எண்ணெயும் கடுகும் வெடித்துப் பாதிக் காட்டில் அப்பிக்கொண்டன.

பயத்தில் உளறினேன். “அக்கா, சூப்பரா இருக்கு பாருங்க! தரையில விதை விழுந்த மாதிரியே. விட்டுடுங்க, ப்ளீஸ்.”

பளபளத்த இடத்தை விரலால் தடவினார். “எண்ணெய்க்கு மேல சாயம் பிடிக்காது, உரிஞ்சு வந்திடும்.” கடுகுகளின் அழகைக் கொஞ்ச நேரம் ரசித்துச் சிரித்தார். “வடிவாத்தான் இருக்கு. ஆனா அது உம்மட கடுகு. என்ட காடு இல்லை.”

இரண்டு வார உழைப்பைக் கத்தியால் செம்மஞ்சள் வரை சுரண்டினார். சோப்புத் தண்ணீரால் துடைத்தார். பேக்கரிக்கு லீவு சொன்னார். அடுப்புப் பக்கம் நான் எட்டிப் பார்த்தாலே, “பாணைத் தின்னும், காட்டை விடும்!” என்று விரட்டுவார். மூன்று நாளும் அந்தப் பாண் ரொட்டியும் ஜாமும்தான். சுரண்டியதிலிருந்து எடுத்த கடுகுகளைக் காலியான அந்தப் போத்தலில் போட்டுவைத்தேன்.

அக்காவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இப்போது வேறு நகரத்தில் படிக்கிறார்.

இன்று காலை, என் ஆய்வேட்டின் மிக அழகான வரைபடம் நான் கணக்கீட்டில் தவறாகக் கொடுத்த ஓர் எண்ணால் வந்தது என்று கண்டுபிடித்தேன். பேராசிரியர் கவனிக்கவில்லை, அதைப் பாராட்டியும் இருந்தார். சமர்ப்பிக்க ஒன்பது நாள். அப்படியே விட்டால் யாருக்கும் தெரியாது.

போத்தலை எடுத்துக் குலுக்கினேன். கலகலவென்றது. அந்த வரைபடம் இருந்த அத்தியாயத்தை முழுவதுமாக அழித்துவிட்டேன். சரியான எண்ணோடு கணக்கீடு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.