குடிலுக்கு வைக்கோல்

கிறிஸ்துமஸ் லீவில் என் இரண்டு மகள்களோடு சேர்ந்து பழைய அட்டைப்பெட்டியில் குடில் செய்தேன். கடற்கரைச் சிப்பிகளை மைதாப் பசையால் ஒட்டினோம். நான் அடுப்படிக்குப் போன நேரத்தில், வைக்கோல் இல்லையென்று மூத்தவள் தங்கையின் பின்னலை வெட்டிக் குடிலுக்குள் பரப்பிவிட்டாள்.

துறைமுக வேலை முடிந்து வந்த கணவர் அதைப் பார்த்ததும் பெல்ட்டை உருவினார். முதல் அடியில் மூத்தவளின் தொடை தடித்துவிட்டது. அடுத்தது, குறுக்கே பாய்ந்த என் உதட்டைக் கிழித்தது.

"அடிக்காதீங்கப்பா, நாந்தான் வெட்டச் சொன்னேன்!" என்று சின்னவள் அலறினாள்.

அவர் குடிலை மிதித்து நொறுக்கினார். நான் பெல்ட்டைப் பிடுங்கி அவர் தோளில் ஓங்கி அடித்தேன்.

"இனி புள்ளைங்க மேல கை வச்சியன்னா, நடக்கதே வேற!"

அவர் வெளியே போனார்.

அதற்குப் பிறகு அவர் பிள்ளைகளை அடித்ததில்லை. என்னோடு பேசத்தான் பொங்கல் வரை ஆயிற்று.