மூச்சுக்காக ஆடியவள்

தாயும் மகனும் சேர்ந்து செய்த கடைசி வேலை, கால்பட்டைகளைச் சுருட்டியது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் அட்டைக்கும் ஈரத்துக்கும் பயந்து கணுக்காலிலிருந்து முழங்கால்வரை துணிப்பட்டை சுற்றிக்கொள்வார்கள். 1981, மலாய் மண்ணின் மலைத்தோட்டம் ஒன்றில் ஒரு ஞாயிறு மாலை. வேலம்மா ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, சாம்பசிவம் மறுமுனையிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னும் இறுக்கிச் சுருட்டு தம்பி. நாளைக்கு அவுறக் கூடாது."

"நாளைக்கு என்னம்மா விசேஷம்?"

"மேட்டுக்காட்டுக்கு ஏறணும்லா. புது துரை பாக்க வர்றாரு."

உட்கார்ந்த இடத்திலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. வெளியே மழை. குளிர் என்று நினைத்தான் அவன்.

பல வாரங்களாகத் தோட்டத்தில் அந்த ஏற்றத்தைப் பற்றித்தான் பேச்சு. தோட்டத்தின் புது மேலாளரான துரையின் கட்டளை அது: வயதான பெண்கள் நிறைகூடையோடு நிற்காமல் மேலே போய்ச் சேர வேண்டும். இடையில் நின்றவளுக்கு வேலை இல்லை. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். புருஷன் செத்தபின் வேலம்மாவுக்கு இருந்தது அந்த வீடு ஒன்றுதான். ரிங்லெட் அணைக்கட்டில் பம்பு பழுதுபார்க்கும் மகனுக்கு, நாலு பேரோடு ஒரே அறை.

உடம்புக்குப் பயிற்சி வேண்டும் என்றார், தோட்டத்து மருந்தகத்தில் ஊசி போடும் டிரஸ்ஸர்.

"மலை ஏறுறது பயிற்சி இல்லாம பின்ன என்னாங்க?" என்று கேட்டாள் வேலம்மா. கேட்டாலும் தேடத் தொடங்கினாள். கிளப்பின் பந்தாட்டம் கணக்கெழுதும் கிராணிமார்களுக்கு. கோயில் மண்டபத்து ஆசனப் பயிற்சி ஆண்களுக்கு. கடைசியில் பக்கத்து வீட்டுக் காளியம்மா சேதி கொண்டுவந்தாள். அவள் பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஹோட்டலில் துணி துவைப்பவள். அங்கே ஞாயிறு மத்தியானம் லியோங் டீச்சர் பாலே சொல்லித் தருகிறாளாம், உடம்பு தேற. வயது வந்த, ஒன்றும் தெரியாத பெண்களுக்கு.

"பாலேன்னா என்னாடி?"

"வெள்ளக்காரங்க ஆட்டம்க்கா. நுனிக்கால்ல நிப்பாங்க."

"நானும் சின்னப் பிள்ளையிலேர்ந்து சரிவுல நுனிக்கால்லதான் நிக்கறேன். எவன் கை தட்டுனான்?"

ஆனாலும் போனாள். லயமே சிரித்தது. "டான்ஸ்காரி வர்றா, வழி விடுங்க!" என்பான் கங்காணி ராமையா, கொழுந்து நிறுக்கும் இடத்தில். அவளும் விடமாட்டாள். வகுப்பில் கற்றபடி முட்டியை மடக்கி, கையை விரித்து அவனுக்கு ஒரு கும்பிடு போடுவாள். நிமிரும்போது இருமல் வரும்.

ஹோட்டல் மண்டபத்தில் கால்பட்டை ஆகாது. நாள் முழுக்கக் கட்டியே கிடந்த கால் அங்கேதான் வெளிச்சத்துக்கு வந்தது. வீங்கியிருந்தது. நுனிக்காலில் நின்றதால் வந்த வீக்கம் என்று வேலம்மா நினைத்தாள். இறுக்கிக் கட்டினால் வடியும் என்றும் நினைத்தாள். கால்பட்டை சுருட்டிய அந்த ஞாயிறு மத்தியானம், குதிகாலைத் திருத்தக் குனிந்த டீச்சரின் கட்டைவிரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. டீச்சர் மலாயில் சொன்னாள்: இது ஆட்டத்தால் வந்ததில்லை, இதயக் கோளாறாக இருக்கலாம், நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானே கூட வருகிறேன்.

"செவ்வாய்க்கிழமை வர்றேன்" என்றாள் வேலம்மா.

திரும்பும் வழியில் காளியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போனவன்னு தெரிஞ்சா துரை பேரை வெட்டிருவாருடி. நாளைக்கு ஏறிக் காட்டிட்டா வீடு நின்னுரும். சிவத்துக்கிட்ட மூச்சு விடாதே."

திங்கட்கிழமை அவள் ஏறினாள். எங்கும் நிற்கவில்லை. துரை தலையசைத்துவிட்டு ஜீப்பில் இறங்கிப் போனார். "வேலம்மா பேரு நிக்குது!" என்று ராமையா உரக்கக் கத்தினான். அவள் முட்டியை மடக்கினாள். கூடையோடு அப்படியே கீழே சரிந்தாள்.

"டான்ஸு போதும், எந்திரி" என்றான் ராமையா.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

உயிர் போன உடலைக் குளிப்பாட்டும்போது பெண்கள் அந்தக் கால்களைப் பார்த்தார்கள். காளியம்மா வாசலுக்கு வந்து சாம்பசிவத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"சத்தியம் வாங்கிட்டா சாமி."

செவ்வாய் காலை காளியம்மா துக்க வீட்டில் இருந்தாள். பிரிஞ்சாங்குக்குச் சேதி சொல்ல ஆள் போகவில்லை. அங்கே பஸ் நிறுத்தத்தில் லியோங் டீச்சர் குடையோடு நின்றாள். ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் முதல் பஸ்ஸை விட்டாள். தோட்டத்துச் சாலையைப் பார்த்தபடி, அடுத்த பஸ்ஸையும் விட்டாள்.