அப்புறம் டீச்சர்

எந்தப் பிள்ளை வாயைத் திறந்தாலும் "அப்புறம்?" என்று கேட்பதால், காப்பகத்துப் பிள்ளைகளே அவருக்கு வைத்த பெயர் அது.

தையல் கம்பெனிப் பெண்கள் விடியும்போது பிள்ளைகளை விட்டுவிட்டு, இருட்டிய பிறகு தூக்கத்தோடு அள்ளிக்கொண்டு போகும் இடம். சாப்பிடு, உட்கார், தூங்கு, கத்தாதே. நாள் முழுக்க இதைத் தவிர வேறு எதுவும் காதில் விழாத பிள்ளைக்கு வார்த்தை எங்கிருந்து வரும்? மரத்திலிருந்தா உதிரும்? அந்தப் பிள்ளைகளுக்கு மண்டையில் ஏறாது என்று சொல்லிக் கைகழுவுவதுதான் எல்லாருக்கும் சுலபமாக இருந்தது.

டீச்சர் பட அட்டைகளை அலமாரியில் போட்டுவிட்டு, காலையில் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, நேற்று நடந்ததைச் சொல்லச் சொன்னார். ஒரு சொல் வந்தால் அதை வாக்கியமாக்கித் திருப்பிக் கொடுப்பார். "நாய்" என்றால், "நாய் வந்துச்சா? உன்னைப் பார்த்துக் குரைச்சுதா? அப்புறம்?"

சிட்டு வந்தபோது அவளுக்கு வயது மூன்று முடிந்திருந்தது. அம்மா, வேணாம். இரண்டே சொற்கள். ஆயா அவளை "ஊமைக்கோட்டான்" என்றுதான் கூப்பிடுவார். டீச்சர் ஒரு மழைக்காலம் முழுக்க அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, வழியும் தண்ணீரையும் நனையும் காக்காயையும் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். மழை விட்டபோது சிட்டு ஆரம்பித்தாள். "வீட்டுல சமைக்கவே விட மாட்டேங்கறா டீச்சர், தொணதொணன்னு ஒரே பேச்சு" என்று அவள் அம்மா குறை சொன்ன அன்று டீச்சருக்கு வாயெல்லாம் பல்.

அதற்குப் பிறகுதான் ஒரு காலை வட்டத்தில் சிட்டு, பழையபடி ஒற்றைச் சொல்லாக, "இருட்டு" என்றாள்.

"இருட்டா இருந்துச்சா? எங்கடா?"

"பாய் ரூம்."

"பாய் வைக்கிற ரூம்ல இருட்டா இருந்துச்சா? அப்புறம்?"

"சிட்டு உள்ள. பூட்டு."

"உன்னை உள்ள வச்சுப் பூட்டிட்டாங்களா?"

"பூட்டிட்டாங்க. ஆயா. பெரிய மிஸ் சொன்னாங்க."

பக்கத்திலிருந்தவன் கையைத் தூக்கினான். "என்னையும்! நான் அழுதேன்ல!"

டீச்சர் மதியம் வீட்டுக்குப் போன பிறகு நடக்கும் கூத்து அது. அவர் நேரே பெரிய மிஸ்ஸிடம், அதாவது நிர்வாகி அம்மாவிடம் போனார்.

"பேசவே தெரியாத பிள்ளை இவ்வளவு கோவையா சொல்லுதுன்னா, நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே?" என்றார் நிர்வாகி.

"ஆமா, பேசச் சொல்லிக் கொடுத்தேன். அதுக்குத்தானே என்னை வச்சிருக்கீங்க?"

"பாட்டு சொல்லிக் கொடுங்க, கலர் சொல்லிக் கொடுங்க. பஞ்சாயத்து எதுக்கு?"

டீச்சர் குழந்தைகள் நல அலுவலகத்தில் புகார் கொடுத்தார். அதிகாரி வந்தார். டீச்சரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, சிட்டுவை மேஜைக்கு எதிரே நிறுத்தி, நிர்வாகி அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, "பாப்பா, உன்னை யாராவது பூட்டினாங்களா?" என்று கேட்டார். சிட்டு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மிட்டாய் கொடுத்தார். அதையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் பொறுக்காமல் பாய் அறையைத் திறந்து காட்டினார். கதவின் உட்பக்கம், இடுப்புக்குக் கீழே, பெயின்ட் கீறல் கீறலாக உரிந்திருந்தது.

"எலி இருக்கும்மா" என்றார் அதிகாரி.

"எலி வந்தா கீழ பிராண்டும் சார். பிள்ளை உயரத்துக்கா பிராண்டும்?"

அவர் கீறலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அதே வாரம் டீச்சரை நிறுத்தினார்கள். காரணம் இரண்டு சொன்னார்கள்: பிள்ளைக்கு இல்லாததையெல்லாம் பேசக் கற்றுக் கொடுத்தார், அவரிடம் படித்தும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அதிகாரம் இருக்கிற இடத்தில் அறிவுக்கு என்ன வேலை?

மறுநாள் காலை, மீதிச் சாமான்களை எடுக்கப் போன டீச்சர் வாசலில் சிட்டுவின் அம்மாவைப் பார்த்தார்.

"வேற இடம் பாரும்மா."

"இருட்டுற வரைக்கும் வச்சுக்கிற இடம் வேற எங்க டீச்சர் இருக்கு? நீங்க சொன்னது பொய்னு நான் நினைக்கல. என் பிள்ளை பொய் சொல்ல மாட்டா." அந்தப் பெண் டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து மகளின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். "இதோ பாரு. இங்க அழக் கூடாது. அழுதா பூட்டுவாங்க. யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. புரியுதா?"

சிட்டு தலையாட்டினாள். பிறகு, டீச்சர் சொல்லிக் கொடுத்தபடியே, "அப்புறம்?" என்று கேட்டாள்.

அம்மா டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தன் பையைப் பார்த்தார். கம்பெனிச் சங்கு ஊதியது. ஆயா வந்து சிட்டுவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.